பொட்டுக்கு நேரே மைக்

சீசன் இல்லாத மாதங்களில் குற்றாலத்து லாட்ஜ் ரூமைப் போல ஒரு ஸ்டூடியோ கிடையாது. எவ்வளவு அலறினாலும் கதவைத் தட்ட ஆள் இல்லை. கிதார் வாசிக்கிற என் நண்பனின் அப்பா நடத்துகிற லாட்ஜ் அது. கடைசி ரூமில் மெத்தைகளை நிமிர்த்திச் சுவரெல்லாம் சாய்த்து, நடுவில் கிதாரின் ஸ்பீக்கர் பெட்டியான ஒரு பெரிய ஆம்ப்பை வைத்திருந்தோம். எங்கள் பாட்டில் டிரம்ஸ், குரல் எல்லாம் ரெடி. கிதார் மட்டும் பாக்கி. அவனுக்குப் புனேயில் வேலை, மறுநாள் ரயில்.

அந்த நேரம் பார்த்துச் சாரல் முந்திக்கொண்டு விழுந்து, சீசன் தொடங்கிவிட்டது. காலையில் அவன் அப்பா வாசலில் வந்து நின்றார்.

“ஏலே, விருதுநகர்ல இருந்து ஒரு குடும்பம் வந்திருக்காவ. அருவிக்குக் குளிக்கப் போயிருக்காவ. வாரதுக்குள்ள ரூம ஒழிச்சுத் தந்திரணும், ஆமா.”

“வேற ரூம் குடுங்களேம்ப்பா.”

“எல்லாத்துலயும் ஆள் வந்தாச்சு. மிச்ச மெத்தை பூரா உங்கட்டதாம்ல நிக்கி!”

ஆக, எங்களுக்கு மிச்சம் ஒரு அருவிக் குளியல் நேரம்.

பிரச்சினை என்னவென்றால், முந்தின நாளிலிருந்தே சத்தம் சரியில்லை. ஹெவி மெட்டல் கிதாருக்கு மைக்கை ஆம்ப்பின் முன்துணியை உரசுகிற மாதிரி வைப்பார்கள். அப்போதுதான் ரூம் எதிரொலி கலக்காது. அப்படித்தான் வைத்தோம். ரூமுக்குள் நின்றால் நெஞ்சில் குத்துகிறது. ஹெட்போனில் கேட்டால் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு எவனோ முனகுகிறான். கேபிளை மாற்றினேன், மைக்கை மாற்றினேன், ட்ரெபிள் குமிழைத் திருகினேன். முனகல்தான்.

“நீ ரெக்கார்டிங் படிச்சது யூடியூப்லயா, கனவுலயா?” என்றான் அவன்.

“நீ வாசிக்கது அப்படி இருக்கு லே.”

தலையணை உறை எடுக்க வந்த அவன் அம்மா எங்களைப் பார்த்துச் சிரித்தார். “ஏ பயலுவளா, அது இன்னும் அழுதுக்கிட்டா இருக்கு?”

கேபிளை மறுபடி பார்க்கலாமென்று செல்போன் டார்ச்சைப் போட்டுக் குனிந்தேன். வெளிச்சம் துணியை ஊடுருவி உள்ளே விழுந்தது. இடப்பக்கம் ஒரு ஸ்பீக்கர், வலப்பக்கம் ஒரு ஸ்பீக்கர். நடுவில், என் மைக் முத்தமிட்டுக்கொண்டிருந்த இடத்தில், வெறும் பலகை.

ஆம்ப் வந்திறங்கிய அன்று, பொட்டு வைக்காமல் கரண்ட்டில் போடக் கூடாது என்று அவன் அம்மா துணியின் சரியான நடுவில் சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டிருந்தார். குறி பார்க்க வசதியாக இருக்கிறதே என்று நாங்கள் பொட்டுக்கு நேராகவே மைக்கை நட்டிருந்தோம். ஆளுக்கொரு இன்ஜினியரிங் டிகிரி வேறு.

“மக்கா, நேத்துல இருந்து பலகையத்தாம்ல ரெக்கார்ட் பண்ணிட்டு இருக்கோம்!”

“எம் மேல பழி போடாதீய,” என்று அம்மா உறைகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

மைக்கை வலது ஸ்பீக்கரின் மையத்துக்கு நகர்த்தினேன். அவன் ஒரு மீட்டு மீட்டியதும் மிக்ஸியில் ஸ்பூன் மாட்டின மாதிரி காதைக் கிழித்தது. அவனைத் தொடர்ந்து வாசிக்கச் சொல்லிவிட்டு, ஹெட்போனோடு மண்டியிட்டு, மைக்கை விளிம்புப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். ரெண்டு விரல்கடை தள்ளியதும் கிழிசல் அடங்கி, அடியிலிருந்து கனம் ஏறி வந்தது. கையை மெல்ல எடுத்தேன்.

“அசையாத. முதல்ல இருந்து அடி.”

அடித்தான். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கடைசிக் கம்பியின் அதிர்வு அடங்குகிறவரை ரெண்டு பேரும் சிலை. பிறகு ஹெட்போனை அவன் காதில் மாட்டினேன். கேட்டுக்கொண்டே தரையில் சரிந்து உட்கார்ந்தான். இறுகியே இருந்த முகம் மெல்லத் தளர்ந்தது.

“இனி ரயில் ஏறலாம்லே,” என்றான்.

கதவைத் திறந்தால் வெளியே தலை சொட்டச் சொட்டத் துண்டோடு மொத்தக் குடும்பமும். பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, உள்ள தண்ணி லாரி எதுவும் வந்துச்சா? செவரே அதிருச்சு.”

“அதேதான் அண்ணாச்சி,” என்றேன். இதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்கு எவன் தரப் போகிறான்? அவன் சிரித்துக்கொண்டே முதல் மெத்தையைத் தூக்கிக் கட்டிலில் போட்டான்.