டகெட்வில் கிணற்றுத் தண்ணீர்

கான்சாஸ் புல்வெளியில் முளை அடித்து, கயிறு கட்டித் தெருக்களைப் பிரித்து, அந்த இடத்துக்கு டகெட்வில் என்று தன் பெயரையே வைத்தார் ஆல்வா டகெட். முதலில் குடிவந்தவர்கள் கொல்லர் யோனாஸ் மர்ரோவும் அவர் மனைவி கெசியாவும். நடுத்தெருவில் கிணறு வெட்டியதும் டகெட்தான். இப்படிப்பட்ட தண்ணீர் நாம் விட்டுவந்த ஓஹையோவில்கூடக் கிடையாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியே ஊரை நிரப்பினார்.

ஒரு கோடையில் கெசியாவின் மகள் டார்க்கஸ் காய்ச்சலில் போனாள். வேறு சில வீடுகளிலும் பிள்ளைகள் போயின. புதுக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டகெட். கெசியாவும் நம்பினாள்.

மறுவருடம், டகெட்டின் வேலையாள் ஓடையிலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுபோவதைப் பார்த்தாள். குதிரைக்கா என்று கேட்டாள்.

"வீட்டுக்குத்தாம்மா. போன வருஷம் பனி உருகினதுலேர்ந்து எசமானியம்மா இதுலதான் சமைக்கிறாங்க."

டார்க்கஸ் இறந்தது அதற்குப் பிறகு வந்த கோடையில். கெசியா இதை ஊரில் சொல்லக் கிளம்பினாள். யோனாஸ் அவளை அடக்கினார். டகெட் கொடுக்கும் வேலையில்தான் தம் உலை எரிகிறது, வாயைத் திறக்காதே என்றார். அவள் திறக்கவில்லை, ஆனால் டகெட் எங்கே எதைக் குடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கிணற்றடியில் நின்று, தண்ணீர் குடிக்கும் பிள்ளைகளின் தலையைத் தடவுவார். ஒரு வாய் குடித்து அவள் பார்த்ததில்லை.

டகெட் மாநில செனட் சபைக்குப் போட்டியிட்டபோது கிணற்றருகே வண்டிமேல் ஏறிப் பேசினார். கெசியா அகப்பையில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

"பேசிப் பேசித் தொண்டை காஞ்சிருக்கும். நம்ம கிணத்துத் தண்ணிதான், குடிங்க."

டகெட் அவளையே பார்த்தார். பிறகு சொட்டு விடாமல் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் நின்ற அவர் மனைவியின் முகம் வெளிறியதைக் கெசியா ஒருத்திதான் கவனித்தாள்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, தேர்தலிலும் ஜெயித்தார். தலைநகருக்குப் போகுமுன், நீதிமன்றம் கட்ட இடம் வேண்டுமென்று அந்தக் கிணற்றைத் தூர்க்கச் சொன்னார். மேட்டில் புதுக்கிணறு வெட்டினார்கள். கெசியா நேரே டகெட் முன்னால் போய் நின்றாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"என் பொண்டாட்டிக்கு வயித்துக்கு ஒத்துக்கல. அவ்வளவுதாம்மா."

"அப்ப எதுக்கு மூடுறீங்க?"

"ஊரு வளர வேணாமா?" என்று தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்தக் காய்ச்சல் வரவில்லை. டகெட்டின் தொலைநோக்கு என்று ஊர் கொண்டாடியது. பிள்ளையைப் பறிகொடுத்ததில் மனம் பேதலித்துவிட்டது என்று கெசியாவைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். டகெட் செத்தபோது ஊரே ஊர்வலம் போனது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டிக்கு மாவு பிசைந்தாள்.