பழுது ஃபோல்டரில் கிடந்த இளம் விண்மீன்கள்

தேவகியை வேலையிலிருந்து நிறுத்தும் தாளை மேலாளர் சாதிக் பாய் என் மேசையில் வைத்தபோது, அவள் சேர்ந்து நான்கு வாரம் ஆகியிருந்தது. தரம் பார்ப்பவன் என்ற முறையில் என் கையெழுத்து வேண்டும். அன்று கிருத்திகை. கீழே அரக்கோணம் சாலையில் கோயில் கூட்டத்தால் பஸ் நகரவில்லை.

வேலை இதுதான். பத்திரிகையில் பிழை திருத்தி ஓய்வு பெற்ற பின் திருத்தணியில் இந்தத் தரவு அலுவலகத்தில் சேர்ந்தேன். பக்கத்து கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்தின் விண்மீன்களை ஓர் ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாகப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிராஃப் அனுப்பும். கிடைக்கோட்டில் நாள், செங்குத்தில் வெளிச்சம். நாங்கள் மூன்று ஃபோல்டரில் பிரிப்போம். ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் ‘சீர்’. பெரும்பாலும் வயதான விண்மீன். தாறுமாறாக மங்கித் தெளிந்தால் ‘இளம்’. இளம் விண்மீனைச் சுற்றித் தூசு இருக்கும். அது குறுக்கே வரும்போது வெளிச்சம் குறையும். கருவிக் கோளாறு என்றால் ‘பழுது’. புதியவர்களுக்கு முதல் மாதம் நான் ஏற்கெனவே பிரித்துப் பட்டியலிட்ட கிராஃப்களையே கொடுப்போம்.

மாதக் கடைசிச் சரிபார்ப்பில் தேவகியின் ‘இளம்’ ஃபோல்டர் காலியாக இருந்தது.

“இன்னாம்மா, ஒண்ணு கூடவா இளசு இல்ல? எல்லாமே கிழமா பூடுச்சா?” என்றார் பாய்.

“பள்ளிப்பட்டுல தறி கம்பெனில செக்கிங் பண்ணிகினு இருந்தேன் பாய். ஒரே மாரி திரும்பத் திரும்ப வந்தா டிசைன். இஷ்டத்துக்கு வந்தா டேமேஜ். கை அது பாட்டுக்கு பழுதுல போட்டுகினே போச்சு. இந்த வேலையும் போச்சுன்னா கொயந்தய நைனாகிட்ட வுட்டுட்டு மெட்ராசுக்குத்தான் போவணும்.”

மூன்று ஃபோல்டரையும் அவளுக்கு ஒரே ஒரு முறைதான் காட்டியிருந்தேன். அது நினைவுக்கு வந்ததால், கையெழுத்துப் போடுமுன் அவளுடைய ‘பழுது’ ஃபோல்டரைத் திறந்தேன். உள்ளே இரண்டு பிரிவுகள். ஒன்றின் பெயர் ‘நூல்’, மற்றது ‘மெஷின்’.

“இது என்னம்மா?”

“ஒரு துணில மட்டும் டேமேஜ் கீதுன்னா நூல் கோளாறு சார். பக்கத்து துணிலயும் அதே எடத்துல கீதுன்னா மெஷின் கோளாறு. அதான் பக்கத்து ஸ்டாரு கிராஃபையும் தொறந்து வெச்சுகினு பாத்தேன்.”

‘நூல்’ பிரிவில் இருந்தவை அத்தனையும் இளம் விண்மீன்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. ‘மெஷின்’ பிரிவை என் பட்டியலோடு ஒப்பிட்டேன். அதிலிருந்த பல விண்மீன்களை நான் ‘இளம்’ என்று குறித்திருந்தேன். அவற்றின் அக்கம்பக்கத்து கிராஃப்களைத் திறந்தேன். எல்லாம் அதே நாட்களில் மங்கியிருந்தன. கேமரா கோளாறு. நான் ஒவ்வொரு கிராஃபையும் ப்ரூஃபில் ஒரு வரியைப் படிப்பதுபோலத் தனியாகப் படித்து முடிவு செய்திருந்தேன்.

“உங்க லிஸ்ட்ட வெச்சுதானே சார் எல்லாருக்கும் ட்ரைனிங் குடுக்கறோம்?” என்றார் பாய்.

“ஆமாம்.”

“அந்த லிஸ்ட்ட லேபுக்கு அனுப்பியாச்சா?”

“போன வாரமே.”

பாய் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “ரெண்டு பேரையும் நிறுத்திட்டா நான் ஒண்டியா ஸ்டார் எண்ணிகினு குந்தினு இருக்கணும்.”

தேவகி முதல்முறையாகச் சிரித்தாள். “உங்க லிஸ்ட்ட நாலு நாள்ல பிரிச்சுடலாம் சார். என்னோடது, நூலை அப்படியே இளம்ல போட்டா முடிஞ்சுது.”

ஆய்வுக்கூடத்துக்கு நானே எழுதினேன்: பட்டியலில் பிழை என்னுடையது, கண்டுபிடித்தவர் தேவகி. பட்டியலைத் திருத்தி அனுப்பும்படி பதில் வந்தது. கோபம் எதுவும் இல்லை. அதற்குப் பின் அலுவலகத்தில் ஒரு விதி வந்தது: குறைந்தது நான்கு பக்கத்து விண்மீன்களைப் பார்க்காமல் எதற்கும் பெயர் வைக்கக் கூடாது. புதிதாக வருபவர்களுக்கு இதையே முதலில் சொல்கிறேன். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் தனியாக நிற்கும் ஒரு கிராஃபை நம்பாதீர்கள். முக்கியமாக, அதைக் குறித்தது நீங்களே என்றால்.

இப்போது என் பட்டியல் தேவகியின் மேசைக்குப் போய்த்தான் வெளியே போகிறது. சென்ற வாரம் அதில் ஒரு கிராஃபைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“சார், நாலும் தொறந்து பாத்தீங்களா?”

மூன்றுதான் பார்த்திருந்தேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.