பத்து நாற்பதுக்குப் பழவேற்காடு ஏரியில்

என் மூத்த பேரன் வங்கி மேலாளர். அடுத்தவன் கல்லூரிக் கபடி அணித் தலைவன். கடைக்குட்டி பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு. இவர்களுக்கெல்லாம் அக்கா கயல், வான்வெளிப் பொறியியல் பேராசிரியர். சூரியனிலிருந்து வீசும் காற்று பூமிக்கு மேலே என்ன செய்கிறது என்று ஆராய்கிறாள். செயற்கைக்கோள் படத்தை வைத்து ஏரித் தண்ணீரின் கலங்கலையும் அளக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் புரியும்படி சொல்வாள்.

மாசி மாதச் சனிக்கிழமை ஒன்றில் அவளோடு பழவேற்காடு போனேன். காலை 10.40க்குச் செயற்கைக்கோள் ஏரிக்கு மேலே கடக்கும். அதே நேரத்தில் கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று குறிக்க வேண்டும். கயிற்றில் அரை அடிக்கு ஒரு முடிச்சு. அந்த அளவு கையில் இருந்தால்தான் படம் சொல்வது சரியா என்று தெரியும். முன்பு இரண்டு முறை மேகம் கெடுத்துவிட்டது. இதுவும் தவறினால் இந்த ஆண்டு வேலை அவ்வளவுதான்.

சென்ட்ரலில் 6.15 மின்சார ரயில், பொன்னேரிக்குப் பத்து ரூபாய். அங்கிருந்து பேருந்தில் பதினெட்டு கிலோமீட்டர். இட்லி சாப்பிட்டு, கோட்டைக்குப்பம் செல்வத்தின் படகில் ஏறியபோது மணி 9.30. வாடகை ஆயிரம்.

10.20க்குச் செல்வம் இன்ஜினை நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல வரமாட்டேன்க்கா. அது பாடு. இன்னிக்கு வேற ஊரு முறை."

பாடு என்றால் இறால் பிடிக்கும் இடம். ஊர்கள் முறை வைத்து வலை போடுகின்றன. முறை இல்லாத ஊர்ப் படகு உள்ளே நுழையக் கூடாது. கயல் குறித்த இடமோ அதன் நடுவில். படத்தைப் பார்த்து இடம் குறித்தவள், முறையை யாரிடமும் கேட்கவில்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது.

அங்கே வலை போட்டிருந்த ஒருவர் கோலூன்றிப் படகோடு வந்தார். "இன்னா செல்வம், வழி மறந்துட்டியா?"

நான்தான் பேசினேன். "நைனா, மேலேர்ந்து ஒரு மிஷினு ஏரியப் படம் புடிக்கப் போவுது. அதே நேரத்துல எம் பேத்தி கீழ தண்ணிய அளக்கணும். இருபது நிமிஷந்தான் கீது."

"மேலேர்ந்து எங்க வலை தெரியுமா ஆயா?"

"தெரியாதுண்ணா," என்றாள் கயல். "உங்க படகே ஒரு புள்ளிக்குள்ள அடங்கிடும்."

"அப்போ சரி. தெரிஞ்சா எங்க இறால் கீதுன்னு செல்வத்தோட ஊரே பாத்துக்கும். நீங்க உள்ள வராதீங்க. தட்டக் குடுங்க, நான் வுடறேன்."

கயல் கைகாட்டிய இடத்தில் போய் நின்றார். சரியாக 10.40க்கு இவள் "இப்போ விடுங்க" என்று கத்த, தட்டு இறங்கியது. "மூணாவது முடிச்சுல காணோம்மா," என்று பதில் வந்தது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. நோட்டில் 'அளந்தவர்' என்ற இடத்தில் அவர் பேரைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

நீங்கள் போனால் படகு பேசும்போதே அன்றைக்கு எங்கே யார் முறை என்று கேட்டுவிடுங்கள். தொப்பியும் குடிதண்ணீரும் வேண்டும். ஏரியில் நிழல் கிடையாது.

கயல், நான் எழுதும் இந்த வலைப்பக்கத்தின் முகப்பில் இன்னும் உன் பழைய பட்டமளிப்புப் படம்தான் இருக்கிறது. அன்றைக்குச் செயற்கைக்கோள் எடுத்த ஏரிப் படத்தைப் போடம்மா. தெரியாவிட்டால் என்ன, அதில் நாம் நாலு பேரும் இருக்கிறோம்.