அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று மாமா வைத்த விளக்குகள்

ஈப்போவில் ஒரு விளக்குக் கடையில் வேலை பார்த்த என் மாமாவுக்கு எங்கள் வீட்டு வெளிச்சம் பிடிக்கவே பிடிக்காது. கோப்பெங் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஜெலாப்பாங்கில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் குடிவந்தபோது, ஹாலின் நடுவில் அப்பா ஒரு குழல் விளக்கை மாட்டினார். மூலை முடுக்கெல்லாம் வெள்ளையாகத் தெரிந்ததே எங்களுக்குப் பெருமை. மாமா மட்டும் வரும்போதெல்லாம், இது வீடா கிளினிக்கா என்று கேட்பார்.

எனக்கு எட்டு வயதிருக்கும். அக்காவைப் பெண் பார்க்க லூமுட்டிலிருந்து வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே கப்பல் பட்டறையில் வேலை. அக்காவுக்கு இங்கே தொழிற்சாலையில். அவளுடைய இடது தாடையிலிருந்து கழுத்து வரை வெண்புள்ளிகள் படர்ந்திருந்தன. எனக்கு அது அவள் மூக்கைப் போல, சடையைப் போல அவளோடு இருக்கிற ஒன்று. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேச ஒன்றுமில்லை போலும் என்று நான் நினைத்திருந்தேன்.

மாலை நான்கு மணிக்கு வருவதாக இருந்தவர்களை இருட்டிய பிறகு வரச் சொல்லும்படி அம்மாவிடம் சொன்னவர் மாமாதான். அன்று காலையே கடை வேனில் விளக்குகளோடு வந்து இறங்கிவிட்டார். மூலைக்கொன்றாக நிற்கும் விளக்குகளை வைத்து, அவற்றைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். வெளிச்சத்தை முகத்தில் அடிக்கக் கூடாது, சுவரில் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சம்தான் மனிதர்களுக்கு அழகு என்று விளக்கம் வேறு. பிறகு திரைகளை இழுத்து மூடி, அக்கா உட்காரப்போகும் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார். விளக்கை வலப்பக்கம் நகர்த்துவார், தள்ளி நின்று என் இடது கன்னத்தைப் பார்ப்பார், மறுபடியும் நகர்த்துவார். அந்தக் கன்னம் முழுதும் நிழலுக்குள் போன பிறகுதான் அவருக்குத் திருப்தி வந்தது. இவ்வளவு பெரிய வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தாரே என்று எனக்கு ஒரே கர்வம்.

வந்தவர்கள் வீட்டைப் பார்த்து அசந்துதான் போனார்கள். ஹோட்டல் மாதிரி இருக்கிறது என்றார் மாப்பிள்ளையின் அப்பா. மாமா தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அக்கா தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரியவர்கள் மழையைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் பேசினார்கள். பேச்சின் நடுவில் அக்கா எழுந்து, சுவரோரம் போய், குழல் விளக்கின் சுவிட்சைத் தட்டினாள்.

ஹால் பளிச்சென்று வெளுத்தது. காற்றாடி சுவிட்சென்று நினைத்துத் தவறாகத் தட்டிவிட்டாள் என்று நான் ஓடிப்போய் அணைத்தேன். அவள் என் கையை மெதுவாக விலக்கி, திரும்பவும் போட்டாள்.

"விடு பாப்பா, அவங்க நல்லா பாக்கட்டும்லா."

பிறகு மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "ஆன்ட்டி, என் தாடையில வெள்ளை இருக்கு. யாருக்கும் ஒட்டாது. ஆனா போகவும் போகாது. இப்பவே பாத்துக்குங்க."

அந்த அம்மாள் எழுந்து வந்து பார்த்தார். மாப்பிள்ளை தன் கால் விரல்களைப் பார்த்தார். யாரும் கடுமையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நன்றாகப் பசியாறிவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று கிளம்பினார்கள். சொல்லியனுப்பவில்லை.

அம்மா அடுப்படியில் அழுதார். மாமா வெளியே வேனில் சாய்ந்து வெகுநேரம் நின்றார். காலையிலிருந்து நாங்கள் இருவரும் பட்ட பாட்டை அக்கா கெடுத்துவிட்டாள் என்று நான் அவளோடு பேசாமல் இருந்தேன். அவளோ, எதுவும் நடக்காதது போல் மறுநாள் வேலைக்குப் போனாள். பிற்பாடு அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவரைத்தான் கட்டிக்கொண்டாள். அவர் அவளைப் பெண் பார்க்க வரவில்லை. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

லூமுட்டுக்காரர்கள் வந்துபோன அடுத்த வாரம் மாமா வந்தபோது, விளக்குகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் அம்மா. அக்கா தடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மாமா. படுத்துக்கிட்டு டிவி பாக்க சொகமா இருக்கு. இருக்கட்டும்."

மாமா வெளியே போனார். வேனிலிருந்து இரண்டு நீள விளக்குகளை எடுத்துவந்து, அக்காவின் அறையில் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் மாட்டினார். இரண்டும் வெள்ளை. முகத்தில் எங்கும் நிழல் விழாத வெளிச்சம். அக்காவைக் கூப்பிட்டு முன்னால் நிற்க வைத்து, சரியாகத் தெரிகிறதா என்று கேட்டார். அவள் இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள், வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். தெளிவாகத் தெரிகிறது என்றாள். மாமா திருகாணி முடுக்கிய திருப்புளியைப் பையில் போடுவதும் எடுப்பதுமாக நின்றார்.

வெள்ளை வெளிச்சமே ஆகாது என்றிருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு விளங்கவில்லை. அவர் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தெரியாமல், கடையில் விற்காத சரக்கை மாமா நம் தலையில் கட்டுகிறாரா என்று அம்மாவின் காதில் கேட்டேன்.