கொத்தமல்லி மேல் விழுந்த பழி

மருந்துக் கம்பெனியில் லேபிள் சரிபார்ப்பது அவள் வேலை. 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்ற வரி ஒழுங்காக அச்சாகியிருக்கிறதா என்று பன்னிரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எல்லாமே ஏதோ ஒரு வகையில் ஆபத்துதான் என்ற முடிவுக்கு வந்திருந்தாள். பூண்டு மட்டும் விதிவிலக்கு. அதற்கு லேபிள் கிடையாது. அதனால் சந்தேகமும் வரவில்லை.

வீட்டில் ஒரு பூனை. கூப்பிட்டால் வராது, தட்டை வைத்தால் முகர்ந்துவிட்டு யோசிக்கும். அவள் கணவன் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தான். மாப்பிள்ளைக்கு நான்கு நாட்களாகச் சோறு இறங்கவில்லை. ஈறு வெளுத்து, மூலையில் சுருண்டு கிடந்தது. ஐந்தாம் நாள் அது எடுத்த வாந்தியில் ஒரு கொத்தமல்லி இலை இருந்தது. அவளுக்கு அதுவே போதும்.

கீழ்த்தளத்துத் தையல்காரர் மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னல் வெளிச்சத்தில், மூன்று பழைய வாளிகளில் கொத்தமல்லி வளர்த்துவந்தார்.

"ஏண்ணே, நாலு பேர் நடக்கற இடத்துல விஷத்தை வளர்த்து வச்சிருக்கீங்களே, என் பூனை செத்தா யார் பதில் சொல்றது?"

மூன்று மாடிக்கும் கேட்டது.

"கொத்தமல்லிம்மா. அதால ஒண்ணும் ஆகாது. நாங்க தினம் சாப்பிடறோம்."

"நீங்க பூனையா?"

அவர் கழுத்தில் தொங்கிய டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து, செடிகளை வேரோடு பிடுங்கினார். மூன்றாவது வாளியும் காலியாகும்வரை அவள் நின்று பார்த்தாள்.

பூனை டாக்டர் ஓர் இளம்பெண். ரத்தம் எடுத்துச் சோதித்துவிட்டு வந்து, "கொத்தமல்லி ஒண்ணும் பண்ணாது. வேற என்ன குடுக்கறீங்க?" என்றாள்.

"வேற எதுவும் இல்லையே. வயித்துல பூச்சி வராம இருக்க, சோத்துல கொஞ்சம் பூண்டு நசுக்கிப் போடுவேன். கேன்டீன்ல ஒருத்தி சொன்னா."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

டாக்டர் பேனாவை மூடினாள். "பூண்டும் வெங்காயமும் பூனைக்கு ஆகவே ஆகாது. ரத்தத்தை அழிச்சிடும். இப்பவாவது கொண்டுவந்தீங்களே. பொழைச்சுக்கும்."

அந்த நிம்மதி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் கூட வந்தது. வீட்டுக்குப் படியேற வேண்டுமே.

"அந்தச் செடிதானே?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"ம்."

ஒரே எழுத்து. அவள் கம்பெனியில் ஓர் எழுத்துப் பிழைக்கு லாரி நிறையப் பெட்டிகளைத் திருப்பி வரவழைப்பார்கள்.

"கீழ போய் அவர்கிட்ட சொல்லிடு," என்றான் கணவன்.

"சொல்றேன். முதல்ல பூனை குணமாகட்டும்."

பூனை அவளுக்குக் கொஞ்சமும் ஒத்துழைக்காமல் பத்தே நாளில் குணமாகிவிட்டது. தையல்காரர் காதில் விழாமல் இருக்க, அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கப் பழகிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரே மேலே வந்தார். கையில் வெட்டுத்துணிகளை அடைத்துத் தைத்த ஒரு குட்டி மெத்தை.

"மாப்பிள்ளைக்கு. என்னாலதானே அது படாதபாடு பட்டுச்சு. மனசு கேக்கலம்மா."

அவள் மெத்தையைப் பார்த்தபடி முணுமுணுத்தாள். "செடி இல்லண்ணே. நான் போட்ட பூண்டு."

"என்னம்மா? மெஷின் சத்தத்துல காது போயிடுச்சு. கொஞ்சம் உரக்கச் சொல்லு."

உரக்கச் சொன்னாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

தையல்காரர் மெத்தையின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த நூலைப் பிய்த்தார். "அப்ப கொத்தமல்லியால ஒண்ணும் இல்ல?"

"இல்லண்ணே."

"அன்னிக்கே அதைத்தானேம்மா சொன்னேன்," என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

மெத்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார். திருப்பி எடுத்துக்கொண்டு போயிருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.