அப்பாவின் முதுகு

இன்று காலை பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடையில் நின்று அழுதுவிட்டேன்.

அப்பாவைக் காணவில்லை. இன்றோடு நான்கு நாள்.

அவருக்கு ஒரு வருடமாக மறதி. ஞாயிற்றுக்கிழமை காலை, பால் வாங்கி வருகிறேன் என்று ஆவடியில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினார். போன் மேசை மேலேயே கிடந்தது.

என் போட்டோக்களைப் போடும் இந்தப் பேஜில் இருப்பவர்களுக்கு என் அப்பாவை நன்றாகத் தெரியும். அதாவது, அவர் முதுகைத் தெரியும்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நடக்கும் முதுகு, மாங்காடு கோயில் வரிசையில் நிற்கும் முதுகு என்று வாரம் ஒரு படம் போட்டுக்கொண்டிருந்தேன். போர்ட்ரெய்ட் என்றால் முகம் தெரிய வேண்டாமா என்று ஒருவர் கமெண்டில் கேட்டதற்கு, தேவையே இல்லை என்று ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன்.

(அதற்கு எக்கச்சக்க லைக் வேறு. நாசமாய்ப் போக.)

அப்பாவும் ஒருமுறை கேட்டார்.

"இன்னாம்மா, எப்பப் பாத்தாலும் முதுவையே புடிக்கிற? மூஞ்சி நல்லா இல்லியா?"

"மூஞ்சி எல்லாருக்கும்தான் இருக்கு. நீ கேமராவைப் பாக்காம நடப்பா."

சரி என்று நடந்தார். மறந்துபோய் அவர் திரும்பிப் பார்த்த படங்களும் இருந்தன. ஷாட் கெட்டுப்போச்சு என்று எல்லாவற்றையும் டெலீட் செய்தேன். நானேதான்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிய ஏட்டு, போட்டோ கேட்டார். போனை நீட்டினேன். தள்ளித் தள்ளிப் பார்த்தார். கோபப்படவில்லை. பெத்த அப்பாவை முன்னாடி நின்று ஒரு போட்டோகூட எடுக்கலையாம்மா என்று மட்டும் கேட்டார்.

போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஆதார் கார்டுப் படத்தைக் கொடுத்தோம். பன்னிரண்டு வருடப் பழசு. அதில் அப்பாவுக்குப் பெரிய மீசை, உப்பிய கன்னம். இப்போது மீசை இல்லை. பல்லெல்லாம் எடுத்துக் கன்னம் ஒட்டிப்போய், சுகர் வந்து பாதி ஆளாகிவிட்டார். என் அண்ணன் கல்யாண ஆல்பத்தில் இருப்பதும் அந்தப் பழைய ஆள்தான்.

இருந்தாலும் முகம் முகம்தானே? அதையே பிரிண்ட் போட்டு அண்ணனும் நானும் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி என்று கடை கடையாகக் காட்டினோம். நான் எடுத்த முதுகுப் படங்களைக் கடைகளில் யாரிடமும் காட்டவில்லை. வெட்கமாக இருந்தது.

இந்த டீக்கடைக்கு ஞாயிறு சாயங்காலமே வந்திருந்தேன். டீ மாஸ்டர் பிரிண்டை நிதானமாகப் பார்த்துவிட்டு, இவரைப் பார்த்ததில்லை என்றார்.

இன்று மறுபடி போனேன். அதே முகத்தைப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். அதே பதில். போனைத் திரும்ப வாங்கும்போது என் விரல் பட்டு அடுத்த படம் வந்தது. ஏரிக்கரைப் படம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அப்பா நடக்கிறார்.

மாஸ்டர் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"இவரா? ஞாயித்துக்கெழம, திங்கக்கெழம ரெண்டு நாளும் இங்கதான்மா குந்திகினு இருந்தாரு. டீய வாங்கிகினு அந்தாண்ட ரோட்டப் பாத்து உக்காந்துடுவாரு. நீ காட்டுன மீசக்காரரு வேற யாரோன்னு நென்ச்சேம்மா."

அதற்கப்புறம் எந்தப் பக்கம் போனார் என்று அவருக்குத் தெரியவில்லை. எத்தனை பஸ் போகிற இடம் அது!

ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே நின்றபோது அப்பா அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருந்திருக்கிறார். சரியான படம் என் கையிலேயே இருந்தது. அதை மறைத்து வைத்துக்கொண்டு, இப்போது இல்லாத ஒரு முகத்தை ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பாவைக் காணவில்லை என்று நேற்று இங்கே போட்டதற்கு, நம்பிக்கை வையுங்கள் என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். மன்னியுங்கள், என்னிடம் அது தீர்ந்துவிட்டது.

அந்த ஏரிக்கரைப் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். இதுதான் எங்கள் அப்பா. ஒரு பக்கம் இறங்கிய இடது தோள். சட்டைக் காலருக்குள் மடித்துச் செருகிய கைக்குட்டை. பின்னால் கட்டிய கையில், இடது சுண்டுவிரலுக்கு நுனி கிடையாது.

எதிரே வந்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. அவர் உங்களைத் தாண்டிப் போகட்டும்.

அப்புறம் ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.