பன்னிரண்டு பவளத்துக்கும் நாலு

கடல் பூங்காவில் எல்லோரும் அவளை முக்குளி என்றுதான் கூப்பிடுவார்கள். சிப்பி எடுக்க மூழ்கிக்கொண்டிருந்தவளை, கடலைப் பூங்காவாக அறிவித்த வருஷம் காவல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷமாகியும் தற்காலிகம்தான். அந்தப் பேச்சை எடுத்தால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், விடுங்கள்.

மாதம் ஒருமுறை மூழ்கி, எண் கட்டிய பன்னிரண்டு பவளப்பாறைகளின் பக்கத்தில் நிற அட்டையைப் பிடிக்க வேண்டும். அட்டையில் ஆறு கட்டம். ஆறு என்றால் நல்ல பழுப்பு, ஆரோக்கியம். ஒன்று என்றால் வெள்ளை, சாகக் கிடக்கிறது. எந்தக் கட்டத்தோடு நிறம் ஒத்துப்போகிறதோ அந்த எண்ணை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

நாலு வருஷத்துக்கு முந்தைய கோடையில் கடல் சுட்டது. பவளமெல்லாம் வெளுத்தது. ஏழாம் பாறை இரண்டா, மூன்றா என்று தடுமாறினாள். விரல் நீளத்திலிருந்து அது வளர்ந்ததைப் பார்த்தவள், மனசு கேட்குமா? மூன்று என்று எழுதினாள். தேறிவிடும் என்று நம்பினாள். அடுத்த மாதம் குறைக்கக் கை வரவில்லை, நாலாக்கினாள். பாவி, பன்னிரண்டுக்கும் இதே கதைதான்.

இந்தக் கோடையில் அந்தப் பகுதியைச் சுற்றுலாப் படகுக்குத் திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அடித்துப்பிடித்துப் பூங்கா ரேஞ்சரிடம் ஓடினாள்.

"வேண்டாங்க ஐயா. நங்கூரம் விழுந்தா மிச்சமும் போயிடும். ஏற்கெனவே அரை உயிராக் கெடக்குது."

அவர் கோப்பைப் புரட்டினார். "எல்லாம் நாலு நாலுன்னு நீதானேம்மா எழுதியிருக்க? இதைப் பார்த்துத்தான் மேல அனுமதியே குடுத்தாங்க."

"அது பொய்ங்க. ஆசையில நான்தான் கூட்டிப் போட்டேன்."

ரேஞ்சர் எழுந்து கதவைச் சாத்தினார். "நாலு வருஷ அறிக்கையில என் கையெழுத்து இருக்கு. இப்பப் போய்ச் சொன்னா ரெண்டு பேர் வேலையும் போகும். பவளம் மட்டும் பொழைச்சுக்குமா? வாயை மூடிட்டுப் போ."

அவள் மறுபடி மூழ்கிப் பார்த்து, பன்னிரண்டுக்கும் ஒன்று என்று உள்ளதை எழுதிக் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாக அடித்து நாலாக்கினார். வயசாகிவிட்டது, கண் மங்கிப்போச்சு என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினார்.

முதல் படகில் வழிகாட்டியாக அவளையே ஏற்றினார்கள். ஓட்டியது அவள் புருஷன். அவன் நங்கூரத்தை இறக்கினான். அடியில் ஏதோ நொறுங்கியது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

படகின் அடிக்கண்ணாடி வழியே குனிந்து பார்த்த ஒரு பெண் கைதட்டாத குறை. "அக்கா, பால் மாதிரி வெள்ளையா எவ்வளவு அழகா இருக்கு! எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

புருஷன் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"ஆமாம்மா," என்றாள் முக்குளி. "எப்பவும் இப்படித்தான்."